உசிலம்பட்டிக்குக் காலை ரயில்: மூன்று மனுக்களின் அனுபவம்

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குத் தினமும் வேலைக்குச் சென்று திரும்புகிறவன் நான். காலையில் நின்றபடியே பேருந்தில் ஏறி, செக்கானூரணியில் இன்னும் நெருக்கப்பட்டு, நாகமலைப் புதுக்கோட்டையைக் கடந்து, காளவாசலில் ஊர்ந்து ஆரப்பாளையத்தில் இறங்கும்போதே உடம்பு அசந்துவிடும். இத்தனைக்கும் எங்கள் ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது, தினமும் ஒரு பயணிகள் ரயிலும் நின்று போகிறது.

அந்த ரயிலுக்காக நாங்கள் வெகுகாலம் காத்திருந்தோம். எங்கள் ஊர் வழியாக மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு (போடிக்கு) ஓடிய பழைய மீட்டர் கேஜ் பாதை, அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் கடைசியில் மூடப்பட்டது. 2020 ஜனவரியில் உசிலம்பட்டி வரையிலான 37 கிலோமீட்டர் அகலப் பாதையில் சோதனை ஓட்டம் நடந்தபோது, ஊரே திரண்டு தண்டவாள ஓரத்தில் நின்றது. ஆனாலும் ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையை வெட்டிப் பாதை தேனியை எட்டிய பிறகே, 2022 மே 27 முதல் பயணிகள் வண்டி ஓடியது. 2023 ஜூன் 15 முதல் அது போடிநாயக்கனூர் வரை நீட்டிக்கப்பட்டது. மதுரையில் காலை எட்டு மணிக்கு மேல் புறப்பட்டு மேற்கே போகும் அந்த வண்டி, மாலையில் போடியில் கிளம்பி இரவு எட்டு மணிவாக்கில் மதுரைக்குத் திரும்புகிறது. மதுரையில் குடியிருந்து தேனியில் வேலை பார்க்கிறவருக்கு அது வரப்பிரசாதம். உசிலம்பட்டியில் குடியிருந்து மதுரையில் வேலை பார்க்கிற எங்களுக்கோ, நாங்கள் பேருந்தில் கிழக்கே போகும் நேரத்தில் அது எதிர்த் திசையில் போகிறது.

முதல் மனுவை நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதினோம். காலையில் மதுரைக்கும் மாலையில் உசிலம்பட்டிக்கும் ரயில் விட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் கேட்டு, பின்னால் கையெழுத்துத் தாள்களை இணைத்திருந்தோம். பல மாதங்கள் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது: தற்போது சாத்தியமில்லை. எதனால் சாத்தியமில்லை என்று அதில் இல்லை. இரண்டாவது மனுவுக்கு அந்தப் பதிலும் வரவில்லை.

எங்கள் தெருவில் ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். மனுவின் நகலைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தவர், "ரயில் கேக்குறீங்க, சரி. ராத்திரி அந்த வண்டி எங்க படுக்கும்னு யோசிச்சீங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, ஏனெனில் அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் உசிலம்பட்டியிலிருந்து ஒரு வண்டி புறப்பட வேண்டுமென்றால், முந்தைய இரவே அதன் பெட்டிகள் இங்கே வந்து நிற்க வேண்டும். அவற்றுக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும், காவல் போட வேண்டும், ஓட்டுநருக்கும் கார்டுக்கும் ஓய்வறை வேண்டும், பெட்டிகளைச் சரிபார்க்க ஆள் வேண்டும். பராமரிப்பு வசதி மதுரையில்தான் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது புது வண்டி அல்ல என்றும், போடிக்குப் போவதற்கு முன் மதுரையில் சும்மா நிற்கும் அதே பெட்டிகளை அதிகாலையில் உசிலம்பட்டி வரை ஒரு நடை அனுப்பித் திருப்பிக் கொண்டுவரக் கேட்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

இந்த யோசனையைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் அடுத்த முடிச்சு தெரிந்தது. இது ஒற்றைத் தடம். வாரத்தில் மூன்று நாட்கள் சென்னை–போடி விரைவு வண்டி காலை ஏழு மணியை ஒட்டி மதுரைக்கு வந்து இதே தடத்தில் மேற்கே செல்கிறது. அந்த நாட்களில் எங்கள் வண்டி ஏழு மணிக்குள் மதுரையை அடைய வேண்டும், இல்லையெனில் உசிலம்பட்டி நிலையத்துக்குள் இருக்கும் இரண்டாவது தடத்தில் ஒதுங்கி, விரைவு வண்டி கடந்த பிறகே கிளம்ப வேண்டும். அப்படிக் காத்திருந்தால் போடி வண்டிக்குப் பெட்டிகள் தாமதமாகும். மூன்று நாள் ஒரு நேரம், மற்ற நாட்களில் வேறொரு நேரம் என்றால் தினசரிப் பயணி குழம்பிப்போவார். எனவே எல்லா நாளும் அதிகாலை ஆறேகாலுக்கு உசிலம்பட்டியில் புறப்படுவது என்று முடிவு செய்தோம். பத்து மணிக்கு அலுவலகம் போகிற எனக்கு அது மிகச் சீக்கிரம் என்பதை ஒப்புக்கொண்டே அதற்குச் சம்மதித்தேன்.

அந்த நேரத்துக்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்க ஆறு நாட்கள் விடியற்காலையில் பேருந்து நிலையத்தில் நின்றோம். நீளக் கணக்கு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் கேட்டோம்: எங்கே போகிறீர்கள், அங்கே எத்தனை மணிக்கு இருக்க வேண்டும்? இரண்டாவது கேள்வியையும் கேட்கச் சொன்னவர் அந்தக் கார்டுதான். நேரத்தைக் கேட்ட பிறகுதான் கட்டட வேலைக்குப் போகிறவர்களும், பயிற்சி வகுப்பு மாணவர்களும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் எங்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தார்கள். மடியில் மஞ்சள் பையும் அதற்குள் சுருட்டிய எக்ஸ்ரே உறையுமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "வெள்ளன போனாத்தான் தம்பி ஓ.பி. சீட்டு கெடைக்கும்" என்றார். அவருடைய பதிலை நோட்டில் எழுதும்போது, ஆறேகால் வண்டியை எனக்கு ஒத்துவராத வண்டி என்று நினைத்ததற்காக வருந்தினேன்.

இதற்கிடையில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் நிலையத்தின் பயணச்சீட்டு விற்பனைக் கணக்கைக் கேட்டு வாங்கினோம். சட்டப்படியான முப்பது நாட்களுக்குள் பதில் கிடைத்தது.

மூன்றாவது மனு ஐந்து பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் வண்டியின் நேரங்கள், அடுத்துப் பெட்டிகள் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்ற விவரம், அதன் பிறகு கணக்கு நோட்டின் சுருக்கம்; கையெழுத்துகள் கடைசியில்தான். கால அட்டவணைத் திருத்தத்துக்கான முன்மொழிவுகள் பல மாதங்களுக்கு முன்பே தயாராகிவிடும் என்பதால் அதற்கு முன்னதாகக் கொடுத்தோம். ஒரு நகலைக் கோட்ட ரயில் பயன்பாட்டாளர் ஆலோசனைக் குழு உறுப்பினர் ஒருவரிடமும் கொடுத்தோம்.

இம்முறை வந்த பதிலில், கோரிக்கை அடுத்த திருத்தத்தின்போது பரிசீலிக்கப்படும் என்றும், மாலையில் திரும்பும் பயணிகளின் எண்ணிக்கை மனுவில் இல்லை என்றும் இருந்தது. அவர்கள் கேட்டது நியாயமானது. காலையில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களை மாலையில் எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது என்பதை நாங்கள் சரியாக எழுதவில்லை. போடியிலிருந்து திரும்பும் பெட்டிகளே இரவு எட்டு மணிக்கு மேல் உசிலம்பட்டிக்கு ஒரு நடை வரலாம், ஆனால் ஐந்து மணிக்கு வேலை முடிகிறவர் அதுவரை காத்திருப்பாரா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக இந்த வாரம் முழுக்க மாலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை, அதே நோட்டுடன் ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டிப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் நிற்கிறோம்.