மவுசாகலையில் நீர்மட்டமும் மீனின் இடமும்

இலங்கை மலையகத்திலுள்ள மஸ்கெலியாவில் வளர்ந்தவர்களுக்கு மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் மின்சாரத்தைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. வறண்ட மாதங்களில் தண்ணீர் வெகுவாக இறங்கி, 1960களின் இறுதியில் மூழ்கிப்போன பழைய நகரத்தின் கோயில் வெளியே தெரியத் தொடங்கியதும் ஊரே அதைப் பார்க்கப் போகும். தூண்டிலோடு போகும் நானும் பெரியப்பாவும் கோயிலுக்குக் கீழே கிடக்கும் சேற்றைத்தான் முதலில் பார்ப்போம்.

அந்தச் சேற்றில் சோற்றுத் தட்டைப் போல வட்டக் குழிகள் நெருக்கமாகக் கிடக்கும். ஆண் திலாப்பியா மீன் மண்ணை வாயால் அள்ளித் துப்பித் தோண்டியவை அவை. பெண் அங்கே முட்டையிட்டு, உடனேயே முட்டைகளை வாயில் எடுத்துக்கொண்டு விலகிவிடும். ஆகவே தண்ணீர் இறங்கும்போது குழி காய்ந்தாலும் குஞ்சுகள் தப்பிவிடுகின்றன. ஆனால் ஆண் மீன் குழியைக் கைவிட்டு, பின்வாங்கும் கரையைத் தொடர்ந்து புதிய ஆழமற்ற இடத்தைத் தேடிப் போக வேண்டும். நேற்றுக் கடித்த இடத்தில் இன்று கடிக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், பெரும்பாலும் தண்ணீர் ஒரு முழம் இறங்கியதைக் கவனிக்காதவர்கள்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா சூட்டை விரும்பும் ஆபிரிக்க மீன். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே உள்ள எங்கள் நீர்த்தேக்கத்தில், மார்கழி இரவுகளில் கரையோரத் தண்ணீர் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் அது ஆழத்துக்கு ஒதுங்கி, வெயில் ஏறிய பிறகே திரும்பி வரும். அந்த மாதங்களில் விடியற்காலையில் தூண்டில் போடுவது, என் கணிப்பில், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது மட்டுமே. காற்றில்லாத வெப்பமான இரவுகளின் கதை வேறு: பாசியும் மற்ற உயிர்களும் இரவு முழுவதும் ஒட்சிசனை உட்கொள்வதால் விடியும் நேரத்தில் அது மிகவும் குறைந்து, மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது அவை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். இரையை மட்டும் திரும்பிப் பார்க்காது.

வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்ததும் எல்லாம் மாறுகிறது. தேயிலை மலைகளின் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடைகள் பால் தேத்தண்ணீர் நிறத்தில் இறங்குகின்றன. ஓடைத் தண்ணீர் குளிர்ந்தும் கனத்தும் இருப்பதால், சிறிது தூரம் மேலே ஓடி, பிறகு தெளிந்த தண்ணீருக்கு அடியில் புகுந்துவிடும். மேலே நிறம் மாறும் கோடு அந்த இடத்தில்தான் தெரியும். கண்ணை நம்பி மேயும் திலாப்பியா கலங்கலை விட்டு விலக, மீசையால் சேற்றைத் துழாவத் தெரிந்த கார்ப் மீன், அடித்து வரப்பட்ட புழுக்களுக்காகக் கலங்கலுக்குள்ளேயே வருகிறது. பெரியப்பா நிலவைப் பார்த்து நாள் குறிப்பவர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கரைக்குப் போனதும் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, மேலும் கீழும் குளிரைத் தடவிப் பார்த்துவிட்டு, மண்புழுவைக் கோர்த்து அந்தக் கோட்டுக்கு ஒரு பாகம் (விரித்த இரு கைகளின் நீளம்) உள்ளே, கலங்கல் பக்கமாகத்தான் அவர் எறிவார்.