அச்சோலிப் பழமொழிகளைத் தேர்வுக்குப் படிக்கும்போது

ஆப்பிரிக்க இலக்கியத்துக்கோ நாட்டார் வழக்காற்றியல் தாளுக்கோ வட உகாண்டாவில் வாழும் அச்சோலி மக்களின் பழமொழிகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பொருளை மட்டும் உருப்போட்டுக்கொண்டு போகிறார்கள். குறுவினாவுக்கு அது போதும். கட்டுரை வினா என்றால் இரண்டாவது பத்தியிலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

ஐம்பது பழமொழி வேண்டாம். ஆறோ எட்டோ எடுத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: மூலம், சொல்லுக்குச் சொல், நேர்ப்பொருள், யார் யாரிடம் சொல்வது.

'தெ ஒகோனோ ஒபுர் போங் லுபுது.' தெ என்றால் அடி, ஒகோனோ பூசணி, ஒபுர் குடிபெயர்ந்தவர்கள் விட்டுப்போன மனை, போங் எதிர்மறை, லுபுது பிடுங்குவது. பாழ்மனைப் பூசணியைப் பிடுங்கக்கூடாது. பலர் சறுக்குவது ஒபுரில்தான். 'பழைய வீடு' என்று எழுதினால் பாதிப் பொருள் போச்சு. ஆள் போன பிறகும் கொடி தானாகக் காய்க்கும், இலையும் கறிக்கு ஆகும். யாருக்கும் இடைஞ்சல் இல்லாததைப் பிடுங்குவது வீண் அழிப்பு. அதனால் 'பழமையைப் போற்று' என்பதைவிட 'காரணமில்லாமல் அழிக்காதே' என்பதே நெருக்கம். அச்சோலிக் கவிஞர் ஒகோட் பிபிடெக்கின் 'லவினோவின் பாடல்' (1966) நூலில், மேல்நாட்டு மோகம் பிடித்த கணவன் ஒச்சோலிடம் லவினோ சொல்வது இது. நான்காம் வரி கிடைத்துவிட்டது.

'பொயோ தோ பே ருவெஞ்': சாவின் தழும்பு மறையாது. படித்தவுடன் 'நாவினாற் சுட்ட வடு' நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்று என்று எழுதினால் மதிப்பெண் போகும். குறள் பேசுவது சொல்லின் காயத்தை, இது இழப்பை.

மூலத்தைத் தமிழெழுத்தில் மட்டும் குறித்து வைக்காதீர்கள். ருவெஞ்சின் கடைசி ஒலிக்கு நம் 'ஞ்' அச்சாகப் பொருந்தும். ஆனால் போங், பே இரண்டுக்கும் ஒரே 'ப'தான். முதலாவது 'பஸ்' என்பதில் வரும் ஒலி, இரண்டாவது 'பல்' என்பதில் வருவது. ரோமன் வடிவமும் பக்கத்தில் இருக்கட்டும். தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், அதிலும் தெரியாது: அச்சோலியில் 'கல்' (kal) என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வேலியடைத்த இடம், உயர்த்தினால் சிறுதானியம்.

சூழல் பற்றிய வினாவுக்கு 'வட உகாண்டா' என்று மொட்டையாக எழுதாமல் குலு, கிட்கும் என்று ஊர்பேர் போடுங்கள். பழமொழி கைமாறிய இடம் 'வாங் ஓ', மாலையில் நெருப்பைச் சுற்றி உட்காரும் கூடல். 1996 முதல் போரினால் மக்கள் முகாம்களுக்குத் தள்ளப்பட்டபோது அது பெரும்பாலும் நின்றுபோனது.