செக்ஷன் 16

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவின் வில்லங்கம் பார்ப்பது என் வேலை. அங்கே ஒருவர் வீட்டுக் கடன் கேட்டால், அந்தச் சொத்து யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, அடமானம் நிற்கிறதா, வரி பாக்கி உண்டா என்று பழைய பத்திரங்களைத் தோண்டி அறிக்கை எழுத வேண்டும். டைட்டில் சர்ச் என்பார்கள். ராத்திரி ஷிப்ட். பதினொரு வருடம் ஓடிவிட்டது.

சேர்ந்த புதிதில் என்னைத் திணறடித்தது சொத்து விவரம்தான். நம் பத்திரங்களில் கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வாய்க்கால் என்று நான்கெல்லை இருக்கும். மிசிசிப்பி மாநிலத்துப் பத்திரத்தில் ஆளும் இல்லை, வாய்க்காலும் இல்லை. "செக்ஷன் 9, வடகிழக்குக் கால்பாகத்தின் தென்மேற்குக் கால்பாகம்" என்று இருந்தது. டீம் லீடர் அக்கா ஒரு ஏ4 தாளை நாலாக மடித்தார். பிரித்து, அதில் ஒரு கட்டத்தை மறுபடி நாலாக மடித்தார். ஆங்கிலப் பத்திரத்தில் சின்னத் துண்டுதான் முதலில் வரும், அதனால் "பின்னாலிருந்து படி, தம்பி" என்றார். செக்ஷன் என்பது ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். அதில் கால்பாகம் 160. அதிலும் கால்பாகம் 40. வடகிழக்கின் தென்மேற்கை, தென்மேற்கின் வடகிழக்கு என்று மாற்றிப் படித்தால் அதுவும் 40 ஏக்கர்தான், முதல் துண்டோடு மூலை முட்டிக்கொண்டு கிடக்கும். ஆனால் சொந்தக்காரர் வேறு. அந்தத் தாள் ரொம்ப நாள் என் டிராயரில் இருந்தது.

இந்தக் கட்டங்களைப் போட்டது 1785ஆம் ஆண்டுச் சட்டம். சுதந்திரப் போரின் கடன் கழுத்தை நெரித்தது, அன்றைய காங்கிரசுக்கோ வரி போடும் அதிகாரம் இல்லை. மேற்கே இருந்த நிலத்தை விற்றுத்தான் காசு பார்க்க வேண்டும், விற்பதற்கு முன் அளக்க வேண்டும். ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்ஷன். ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம் எண் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கப்பட்டது. கல்விக்கென்று வரைபடத்திலேயே இடம் விட்டது நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த நல்ல யோசனைதான் என் காலை வாரிவிட்டது. ஒரு மிசிசிப்பி ஃபைல். பத்திரங்கள் வரிசையாக இருந்தன, பெயர்கள் பொருந்தின. முழு உரிமை என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. அக்கா திட்டவில்லை. "செக்ஷன் நம்பர் என்ன?" என்று மட்டும் கேட்டார். 16. அந்த மாநிலத்தில் பெரும்பாலான இடங்களில் 16ஆம் செக்ஷன் நிலத்தைப் பள்ளி வாரியம் இன்றும் குத்தகைக்குத்தான் விடுகிறது. கடன் கேட்டவர் வைத்திருந்தது குத்தகை உரிமை, மண் பள்ளிக்கூடத்துடையது. என் கணக்கில் ஒரு எரர், அந்த மாத இன்சென்டிவ் போச்சு.

அப்புறம்தான் ஒரு பழக்கம் வந்தது. நேரம் இருந்தால் சங்கிலியின் முதல் கண்ணி வரை போய்ப் பார்ப்பேன். நம்மூரில் தாய்ப்பத்திரம் என்போமே, அங்கே அது பேட்டன்ட், அரசாங்கம் முதல் ஆளுக்கு எழுதிக்கொடுத்தது. மிசிசிப்பியின் 1830களின் நடுவில் வந்த பேட்டன்ட்களில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் பெயர் இருக்கும், கையெழுத்து பெரும்பாலும் ஒரு செயலாளருடையது. நில விற்பனை மலைபோலக் குவிந்ததால், ஜனாதிபதிக்குப் பதில் செயலாளர் கையெழுத்திட 1833இல் சட்டமே கொண்டுவந்தார்கள். விற்க அவ்வளவு நிலம் எங்கிருந்து வந்தது? 1830இல் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் ஜாக்சன்தான், அதை அவரே போட்டார். அதே ஆண்டு சாக்டா மக்கள், 1832இல் சிக்கசா மக்கள், ஒப்பந்தம் என்ற பெயரில் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். என் அறிக்கைப் படிவத்தில் முதல் வரி எப்போதும் "அமெரிக்க ஐக்கிய நாடுகள்". அதற்கு மேலே எழுதக் கட்டம் கிடையாது.

வடக்கு மிசிசிப்பியில் சிக்கசா நிலத்தை விற்றபோது பள்ளிக்கென்று 16ஐ ஒதுக்கவில்லை. ஈடாக வேறிடத்தில் நிலம் கொடுத்தார்கள். மாநில அரசு 1850களில் அதையும் விற்று, பணத்தை ரயில் கம்பெனிகளுக்குக் கடனாகக் கொடுத்தது. உள்நாட்டுப் போரில் அந்த ரயில் பாதைகள் நாசமாயின, பணமும் போயிற்று. அதற்கு ஈடாக மாநிலம் ஒரு சிறு தொகை கொடுத்துவந்தது. 1984இல் அந்த வகையில் வடக்கு மாவட்டங்களுக்குக் கிடைத்தது மாணவருக்குச் சராசரியாக 63 சென்ட். மற்ற இடங்களில் 16ஆம் செக்ஷன் வருமானம் 75 டாலர் 34 சென்ட். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1986இல். அந்தத் தீர்ப்பை ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து படித்தேன். அறிக்கை எழுத அது எதற்கும் உதவாது.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் பாண்டடாக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஃபைலை வைத்துக்கொண்டு திரும்பினாள். சிக்கசா ஒப்பந்தம் நடந்த இடத்தின் பெயர்தான் அந்தக் கவுண்டிக்கு.

"அண்ணா, செக்ஷன் 16. குத்தகைன்னு போடணுமா?"

"இந்தக் கவுண்டில வேண்டாம். பத்திரம் சரியா இருந்தா முழு உரிமைதான்."

"ஏன் இங்க மட்டும்?"

அவள் திரையில் அந்த ஃபைலுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. சாப்பிடும்போது சொல்கிறேன் என்றேன்.