ஏரிக்கரை முகாமில் ஒரு சபாத்

ஜனவரி 25, 2024, வியாழன்

மகளின் ஞாயிற்றுக்கிழமை ஹீப்ரு வகுப்பு மொத்தமும் நாளைக்கு விஸ்கான்சின் கிளம்புகிறது. துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அப்பா யூதர், நான் மதுரைக்காரி. ஏழாம் வகுப்பு, இந்த வருஷம் அவளுக்கு பாட் மிட்ஸ்வா, அதாவது யூதப் பெண்பிள்ளைகள் மதப்படி பெரியவர்களாகும் சடங்கு வேறு. ஞாயிறு காலையில் அவளை எழுப்பி அனுப்புவதே பெரும்பாடு, அதனால் இந்த முகாமை ரொம்ப நம்பியிருக்கிறேன். இன்று தூ பிஷ்வாத், மரங்களின் புத்தாண்டு. பேரீச்சையும் அத்தியும் டப்பாவில் எடுத்து வைத்தாயிற்று.

ஜனவரி 26, வெள்ளி

சிகாகோவிலிருந்து இரண்டரை மணி நேரம். ஒகானமவாக் ஊரில், லாக் லா பெல் ஏரிக்கரையில் 1952-இல் தொடங்கிய முகாம் இது. சீர்திருத்த யூத இயக்கத்தின் முகாம்களில் இதுதான் முதலாவது. தரையெல்லாம் பனி இளகிச் சொதசொதவென்று கிடக்கிறது, மூடுபனியில் ஏரி எங்கே என்றே தெரியவில்லை.

இந்த வாரம் யூதர்களின் வேதமான தோராவில் செங்கடல் பிளந்த பகுதி வருகிறது. எகிப்திலிருந்து தப்பி வந்தவர்கள் கடலைக் கடந்ததும் பாடிய பாட்டை வாசிப்பதால் இந்த வாரச் சபாத்துக்கு, அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையிலான ஓய்வு நாளுக்கு, சபாத் ஷிரா, பாட்டின் சபாத் என்று பெயர். பறவைகளும் அன்று கூடவே பாடினவாம், அதனால் இந்தச் சமயத்தில் அவற்றுக்குத் தீனி வைப்பது ஒரு வழக்கமாம். எனக்கு இது புதுச் செய்தி. சபாத் தொடங்கும் முன்பே வைத்துவிடலாம் என்று பிள்ளைகள் கை நிறையச் சூரியகாந்தி விதையோடு வெளியே ஓடினார்கள். “பாட்டி காக்காவுக்குச் சோறு வைக்கிற மாதிரியா அம்மா?” என்றாள் மகள். அங்கே முன்னோர் வருகிறார்கள் என்று வைப்பது, இங்கே காரணம் வேறு, ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது மெழுகுவர்த்தி ஏற்றினோம். மேஜையில் இரண்டு ஹாலா ரொட்டி, மேலே ஒரு துணி. அப்படித் தப்பி வந்தவர்களுக்கு வனாந்தரத்தில் வானத்திலிருந்து வந்த உணவான மன்னா வெள்ளிக்கிழமைகளில் இரட்டிப்பாகக் கிடைத்ததால் ரொட்டி இரண்டு. மன்னாவுக்கு மேலும் கீழும் பனி படிந்திருந்ததாம், துணி அதற்காக. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மகள்தான்.

இரவு ஒரு பெண் வீட்டு ஞாபகத்தில் அழுதாள், அவள் தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 27, சனி

காலையில் தோராச் சுருளை விரித்துப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்தார் ரபி, யூத மதகுரு. பக்கம் முழுக்க நெருக்கமாக எழுதியிருக்க, கடல் பாட்டு வந்ததும் எழுத்து சட்டென்று மாறுகிறது. செங்கல் அடுக்கின மாதிரி, ஒரு வரியில் இடைவெளி விட்ட இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரியில் எழுத்து. சுருளின் தோலில் விரல் படக்கூடாது என்பதால் நுனியில் குட்டி வெள்ளிக் கை வைத்த கோலால்தான் சுட்டி வாசிக்கிறார்கள். மகள் நான்கு வரி வாசித்தாள். வாயைத் திறக்கவே மாட்டாள் என்று நான் நினைத்திருந்த பெண்!

சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலுக்கு வெளியே சிக்கடிக் குருவிகள் வந்திருந்தன, தலையில் கறுப்புத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு விதையைக் கவ்விக்கொண்டு மரத்துக்குப் போய், கிளையில் காலால் அமுக்கிப் பிடித்துக் கொத்தி உடைத்துத் தின்றுவிட்டு மறுபடி வந்தது.

சபாத்தை முடித்துவைக்கும் ஹவ்தாலா சடங்குக்கு மூன்று நட்சத்திரம் தெரிய வேண்டும். மூடுபனியில் ஒன்றுகூடத் தெரியாததால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தொடங்கினோம். சடை போலப் பின்னிய மெழுகுவர்த்தி, திராட்சைச் சாறு, அப்புறம் கிராம்பும் பட்டையும் போட்ட சிறு பெட்டி. சபாத்துக்கென்று வந்த கூடுதல் ஆன்மா கிளம்பிப் போகிறதே, அந்த வருத்தத்தை ஆற்றத்தான் இந்த வாசனை என்பார்கள். அந்த இருட்டில் எனக்கு அம்மாவின் அஞ்சறைப்பெட்டி ஞாபகம் வந்தது. கடைசியில் சுடரைச் சாற்றில் அமிழ்த்தியதும் சுர்ரென்று அணைந்தது. அதுவரை கோத்திருந்த கைகளை யாருமே உடனே விடவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

பஸ்ஸில் எல்லோரும் தூக்கம். ராத்திரி ஒன்பது மணிக்கு மதுரைக்குப் போன் போட்டோம், அங்கே விடிந்து இட்லி வெந்துகொண்டிருந்தது. மகள் குருவிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுக் கடல் பாட்டையும் ஹீப்ருவில் பாடிக் காட்டினாள். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, “எத்தனை குருவிடா வந்துச்சு?” என்றாள்.