பானை, குயவன், அண்ணன்

மார்ச் 3
பெரியப்பா மகனோடு இன்றும், கடவுள் உண்டா என்ற அதே வழக்கு. "தம்பி, பானை இருந்தா குயவன் இருக்கணும்ல? உலகம் மட்டும் தானா வந்துச்சா?" என்றார். கேலி செய்து கடந்துபோக மனம் வரவில்லை. இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனத்தைச் சேர்ந்தவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த வாதம் இது: உலகம் ஒரு காரியம், அதாவது உண்டாக்கப்பட்ட பொருள்; காரியத்துக்குக் கர்த்தா, அதாவது செய்தவன், வேண்டும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மரபின் உதயனர் 'நியாய குசுமாஞ்சலி'யில் இதோடு இன்னும் பல வாதங்களை அடுக்கியிருக்கிறார்.

ஆனால் குயவனுக்கு உடம்பு உண்டு. மண்ணை அவன் படைப்பதில்லை, கிடைத்ததை எடுத்து வனைகிறான். ஊரில் எல்லாப் பானையையும் ஒரே குயவன் செய்வதும் இல்லை. பானையிலிருந்து நேராகக் கணக்குப் போட்டால் உடம்புள்ள பல தெய்வங்கள்தான் கிடைக்கும். அண்ணன் கும்பிடும் பரம்பொருள் கிடைக்காது. உடம்பில்லாதவன் எப்படிப் படைத்தான், எதற்காகப் படைத்தான் என்று 7-ம் நூற்றாண்டு வாக்கிலேயே, வேதத்தை ஏற்ற மீமாம்சை மரபின் குமாரில பட்டர் கேட்டுவிட்டார். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இறந்தபின் 1779-ல் வெளிவந்த அவருடைய உரையாடல் நூலிலும் இதே வகைக் குடைச்சல்தான். ஹியூம் குமாரிலரைப் படித்திருக்க வழியே இல்லை.

மார்ச் 5
இன்று ராமானுஜரை எடுத்து நீட்டினேன். அண்ணன் எதிர்பார்க்கவில்லை. பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அவர் அனுமானத்தால், அதாவது தர்க்கத்தால் ஊகித்து, ஈசுவரனை நிறுவ முடியாது, சாஸ்திரமே பிரமாணம் (சான்று) என்கிறார். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒரே கர்த்தா செய்ததாகத்தான் இருக்க வேண்டுமா என்று நியாயக்காரர்களை மடக்குகிறார். பக்தர்களில் தலையாயவரே சொல்கிறார், இந்த வாதம் செல்லாது என்று!

"அவருக்கு வேதம் இருந்துச்சு. உனக்கு என்ன இருக்கு?" என்றார் அண்ணன். நல்ல அடி. ஒப்புக்கொண்டு டீ குடித்தோம்.

மார்ச் 6
அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். ஈர்ப்பு விசையின் வலிமை போன்ற இயற்பியல் மாறிலிகள் இம்மி பிசகியிருந்தாலும் நட்சத்திரமும் இல்லை, நாமும் இல்லையாம். கடிகாரம் இருந்தால் செய்தவன் இருக்க வேண்டும், உயிர்களும் அப்படித்தான் என்று 1802-ல் வில்லியம் பேலி எழுதிய கடிகார வாதத்தைவிட இதை நான் மதிக்கிறேன். உயிர்களின் அமைப்புக்கு டார்வின் 1859-ல் வேறு விளக்கம் தந்துவிட்டார். மாறிலிகளுக்கு அப்படி உறுதியான விளக்கம் இன்னும் இல்லை. அதற்காக விடை தெரியாத இடத்தையெல்லாம் கடவுள் பெயரில் பட்டா போட முடியுமா?

மார்ச் 9
பிரார்த்தனை பற்றிப் பேச்சு வந்தது. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைச் சொன்னேன். ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர். முகம் தெரியாதவர்கள் சிலருக்காக வேண்டிக்கொண்டார்கள். தங்களுக்காக வேண்டுகிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில், வேண்டுதல் கிடைத்தவர்களுக்கு 52 சதவீதம் சிக்கல், கிடைக்காதவர்களுக்கு 51. நிச்சயமாக வேண்டுகிறோம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59!

"கடவுளைப் போய் யாராவது டெஸ்ட் பண்ணுவாங்களா?" என்று அண்ணனுக்குக் கோபம். சரி, அது நியாயம்தான். அப்படியென்றால் மாமாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததையும் சாட்சியாகக் கூப்பிடக் கூடாதே என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அத நான் ஆதாரமா சொல்லல தம்பி. நன்றியா சொல்றேன்" என்றார்.

இதற்கு எதிர்வாதம் கிடையாது. தேடவும் இல்லை.

மார்ச் 11
"இல்லைன்னு சொல்ல உன்கிட்ட என்ன ஆதாரம்?" இன்று அவர் முறை. படைத்தவன் எவனுமே இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாம் வல்ல, அளவற்ற கருணையும் உள்ள ஒருவன் இல்லை என்பதற்குக் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயே போதும் என்றேன். வினைப்பயன் என்றார். எந்தப் பிறவியில் செய்தது, எப்படித் தெரியும் என்றேன். சாஸ்திரம் சொல்கிறது என்றார். ஆக, ராமானுஜர் பக்கமே வந்துவிட்டார். அங்கேயே இருக்கட்டும், எனக்கு வழக்கில்லை. அதையே அத்தாட்சி என்று என் தலையில் கட்டாமல் இருந்தால் சரி.