தோமாஷ் ஷாலமூன்

கொஞ்ச நாளாக ஸ்லோவேனியக் கவிஞர் தோமாஷ் ஷாலமூனைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1941இல் பிறந்தவர், கோப்பர் என்ற கடலோர ஊரில் வளர்ந்தவர். 1964இல், ஸ்லோவேனியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியில், 'பெர்ஸ்பெக்டிவே' இதழில் வந்த அவருடைய ஒரு கவிதை ஆட்சியாளர்களை உறுத்திவிட்டது. இதழை மூடினார்கள். அவரை 5 நாள் உள்ளே வைத்தார்கள். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மாணவர் அவர்!

1966இல் 'போக்கர்' என்ற முதல் தொகுப்பைத் தானே வெளியிட்டார். அதில் ஒரு கவிதை என்னை விடவே மாட்டேன் என்கிறது. தன் இனத்தின் பிம்பம் அலுத்துப்போய் ஒருவன் கிளம்புகிறான். நீண்ட ஆணிகளைப் பற்றவைத்துத் தனக்குப் புதிய கைகால்கள் செய்துகொள்கிறான். பழைய கந்தல்கள்தான் அவனுக்குக் குடல்.

ஸ்லோவேனியா மொத்தமே 20 லட்சம் பேர் உள்ள நாடு. தேசியக் கவிஞர் பிரேஷெரனின் நினைவு நாளான பிப்ரவரி 8 அங்கே அரசு விடுமுறை. கவிதையை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கும் இடத்தில் நின்று இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அப்புறம் ஓஹோ என்ற கலைக்குழு, நியூயார்க் கண்காட்சி, அயோவாவில் எழுத்தாளர் முகாம் என்று போனது வாழ்க்கை. 2014இல் இறக்கும்போது நாற்பதுக்கும் மேற்பட்ட தொகுப்புகள். எல்லாமே எனக்குப் பிடிபடவில்லை. சிலவற்றில் ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரிய தாவல். ஆனாலும் சத்தமாக வாசித்தால் இழுத்துக்கொண்டு போகின்றன.

ஆங்கிலத்தில் நிறையக் கிடைக்கிறார். தமிழில் யாராவது மொழிபெயர்த்திருந்தால் சொல்லுங்கள், உடனே வாங்கிவிடுகிறேன்.