உப்புக் காற்றில் ஒரு மாருதி 800

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரைத்தான். எங்கள் குமரி மாவட்டத்தில் அந்த எண்ணைப் பெரிதாக மதிப்பதற்கில்லை. வண்டி இத்தனை காலம் எந்த ஊரில் நின்றது என்று கேட்க வேண்டும். குலசேகரத்தில் ரப்பர் மரத்து நிழலில் நின்ற வண்டியும் முட்டத்தில் கடலைப் பார்த்து நின்ற வண்டியும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தாலும் ஒரே வயது ஆகிவிடாது.

என்னுடையது 2003ஆம் ஆண்டு மாருதி 800. 2012இல் குலசேகரத்துக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். அன்று முதல் மணவாளக்குறிச்சியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. திங்கள்நகர், இரணியல் வழியாகத் தக்கலையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போய்வருகிறது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். அந்த என்ஜின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆயில் மாற்றி, கூலண்ட் குறையாமல் பார்த்து, டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றிவிட்டால் அது தன் பாட்டுக்கு ஓடும். 2014இல் தயாரிப்பே நின்றுபோன வண்டிக்கு மார்த்தாண்டத்தில் இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது.

தகரம்தான் தகராறு. ஆனி, ஆடியில் கடல் சீறும்போது முன்கண்ணாடி முழுக்க உப்புப் படியும். அதைத் துடைத்துவிடலாம். கதவுக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஏறும் உப்பை யார் துடைப்பது? உப்பு ஈரத்தை விடாது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மண் அடைத்துக்கொண்டால் துரு உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும். பெயிண்டில் சின்னக் குமிழ் தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒருநாள் மெக்கானிக் ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் தட்டினார். தகரம் அப்பளம்போல நொறுங்கியது. ஓட்டை வழியே பட்டறைத் தரையில் கிடந்த நட்டு ஒன்று தெரிந்தது. "டீச்சரே, பிரேக்கை மட்டும் அழுத்துங்கள், தரையை அழுத்தாதீர்கள்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். துருப்பிடித்ததை வெட்டியெடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்து, அடியில் கறுப்புப் பூச்சு அடித்ததற்கு ஆன செலவு, அதுவரை என்ஜினுக்குச் செய்த மொத்தச் செலவையும் தாண்டிவிட்டது.

வழியில் நின்றதும் உப்பால்தான். மழை மாலையில், இரணியல் அருகே முகப்பு விளக்கு மங்கியது. பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. கூடியவர்களில் ஒருவர் பேட்டரி போய்விட்டது என்றார், இன்னொருவர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் என்று அடித்துச் சொன்னார். மெக்கானிக் வந்து பார்த்தால், பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் வயர் பாடியில் முறுக்கியிருந்த இடத்தில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, நட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். வண்டியைத் தள்ளியதும் பிடித்துக்கொண்டது. ஆல்டர்னேட்டர்காரர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

ஆடியில் மட்டும் நான் இதை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கொண்டுபோவதில்லை. ஏறக்குறைய 650 கிலோதான் எடை. காற்று பக்கவாட்டில் தள்ளும். காற்றாலைகளுக்கு அது நல்ல இடம். எனக்கு பஸ் போதும்.

15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்தேன், 2023இல் மறுபடியும். 2028 வரை ஓட்டலாம். "கொடுத்துவிடு அக்கா, போகப் போக இரும்புக் கடைக்காரன்கூட எடை குறையும் என்பான்" என்கிறான் தம்பி. இப்போது பின்கதவின் அடியில் குமிழ் விட்டிருக்கிறது. ஐப்பசி மழைக்குள் அதை வெட்டி ஒட்ட வேண்டும். டிங்கரிங் செய்பவர் இன்னும் நாள் சொல்லவில்லை.